அழவில்லை என்று எழுதப்பட்டவர்கள்

வெள்ளையனேந்தலில் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் காளியம்மாளின் மகன் அழுவான், ஏழு மணிக்குக் கிழக்குத் தெருவில் பஞ்சவர்ணத்தின் மகள் அழுவாள், பத்து நாற்பதுக்குப் பாண்டீஸ்வரியின் மகள் அழுவாள், பிற்பகலில் வடக்குத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு அழுகைகள் கேட்கும், கடைசியாக விளக்கு வைக்கும் நேரத்தில் ஊருணிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மெல்லிய அழுகை எழுந்து அடங்கும். அந்த ஆறு பிள்ளைகளும் பிறந்த அன்றோ மறுநாளோ இறந்துபோய்க் கண்மாய்க் கரையில் புதைக்கப்பட்டவர்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் அந்த அழுகைகளை வைத்து அவர்கள் நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

டீக்கடை சேதுராசு ஏழு மணி அழுகைக்கு வடைச்சட்டியை அடுப்பில் ஏற்றினார். பள்ளிக்கூடத்து டீச்சர் பத்து நாற்பது அழுகைக்கு இடைவேளை விட்டார். கருவேலங்காட்டில் விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் பிற்பகல் அழுகைகள் இரண்டும் முடிந்தால் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மாசிக் களரித் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய வருசம் ஊர்க்கூட்டம் போட்டு, அழுகை நேரத்தில் மைக் செட்டை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள், மைக் செட்டுக்காரனும் வெளியூர்க்காரனாக இருந்தும் ஏன் என்று கேட்காமல் நிறுத்தினான். சைக்கிளில் சேலை மூட்டை கட்டி வந்த வியாபாரி ஒருவன், யார் வீட்டுப் பிள்ளையோ பசியில் கத்துகிறதே, தாய்க்காரி எங்கே போனாள் என்று அங்கலாய்த்தபோது, அது பாண்டீஸ்வரி மகள், இப்போது அமர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பெண்கள் நீலச் சேலைக்கு விலை கேட்டார்கள்.

முதல் மாதம் மட்டும் பயந்தார்கள். கோயில் பூசாரியைக் கூப்பிட்டு வந்து காளியம்மாள் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அவர் வேப்பிலைக் கொத்தை வைத்துக்கொண்டு ஐந்தேகாலுக்குக் காத்திருந்தார், அழுகை வந்தது, கடைசிவரை கேட்டார், பிறகு வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, பேயென்றால் பயமுறுத்தும், ஏதாவது கேட்கும், இது வெறுமனே அழுகிறது, பிள்ளை அழுவதை நிறுத்துவதற்கு நான் யார் என்று சொல்லிவிட்டுத் தட்சிணை வாங்காமல் போனார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

எப்படி இது வந்தது என்று கேட்டால் அவர்கள் கிராம செவிலியர் ஜெபமணியின் பதிவேட்டைச் சொல்வார்கள், சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பதிவேட்டில் ஒரு பத்தி உண்டு, தலைப்பு ‘பிறந்ததும் அழுததா?’ ஆம் என்று எழுதினால் அந்தப் பிள்ளை பிறந்தது, பிறந்தது இறந்தால் அது சிசு மரணம், சிசு மரணம் வட்டாரக் கணக்கில் ஏறும், வட்டாரக் கணக்கு மாவட்டத்துக்கும் மாவட்டக் கணக்கு தலைநகரத்துக்கும் போகும். இல்லை என்று எழுதினால் அது செத்துப் பிறந்த பிள்ளை, அதற்கு வேறு ஒரு பட்டியல், அந்தப் பட்டியலை யாரும் கேட்பதில்லை. நான்கு வருசத்துக்கு முன்னால் வட்டார அலுவலகத்திலிருந்து ஜெபமணிக்கு போன் வந்தது. பொய் எழுது என்று அந்த அதிகாரி சொல்லவில்லை, அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆளும் இல்லை. நன்றாக ஞாபகப்படுத்திப் பாருங்கள் சிஸ்டர், அது அழுததா, முனகியதா, முனகுவது அழுகை இல்லையே என்று மட்டும் கேட்டார். மூன்று தடவை போன் செய்து மூன்று தடவையும் அதையே கேட்டார். நான்காவது போன் வருவதற்கு முன்னால் ஜெபமணி காளியம்மாள் பெயருக்கு நேரே, பஞ்சவர்ணம் பெயருக்கு நேரே, ராசாத்தி பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். அந்த வருசக் கணக்கு வெளியானபோது அவர்கள் வட்டாரத்தில் சிசு மரணம் பூஜ்யம் என்று பேப்பரில் வந்தது, யாரோ யாருக்கோ கேடயம் கொடுக்கும் படமும் வந்தது, மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் காளியம்மாளின் மகன் அழுதான்.

ஜெபமணிதான் அந்தப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள், அவற்றின் முதல் அழுகையைத் தாய்க்கும் முன்னால் கேட்டவள், ஆகையால் அது யாருடைய குரல் என்று ஊரில் முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது. செருப்பில்லாமல் காளியம்மாள் வீட்டுக்கு ஓடி வந்து வாசலில் நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. காளியம்மாள் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.

ராசாத்தியின் பிள்ளைக்கு மட்டும் அழுகை எட்டு மாதத்தில் நின்றுவிட்டது. அவள் கணவன் பட்டாளத்தில் இருப்பவன், பிள்ளை இறந்ததற்கு விடுமுறை எடுத்தவனிடம் அங்கே அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள், அவன் மனு மேல் மனு போட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, பிறந்து ஆறு மணி நேரத்தில் இறந்தது என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டான். சான்றிதழ் தபாலில் வந்த நாள் மத்தியானம் ராசாத்தியின் வீட்டில் அழுகை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ராசாத்தி சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு தரையில் காதை வைத்துப் படுத்தாள், பிறகு கணவன் வந்து அவளைத் தன் முகாமுக்கே கூட்டிப் போய்விட்டான். அன்றைக்கு ஊர் ஒன்றைத் தெரிந்துகொண்டது. எழுதப்படாத அழுகைதான் இருக்கும், எழுதிவிட்டால் போய்விடும்.

ஆகையால் அதற்குப் பிறகு ஜெபமணிக்கு வட்டார அலுவலகத்திலிருந்து போன் வரத் தேவையில்லாமல் போயிற்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களே அவளிடம் வந்து கேட்டார்கள். பாண்டீஸ்வரியும் கேட்டாள். பச்சை உடம்போடு, மார்பில் பால் கட்டி வலிக்க, பிள்ளையைப் புதைத்த மறுநாள் சுகாதார நிலையத்துக்கு நடந்து போய், பதிவேட்டைத் திறந்து வைத்திருந்த ஜெபமணியின் முன்னால் நின்று, அழலன்னு எழுதுங்க சிஸ்டர் என்றாள். ஜெபமணி பேனாவைத் திறக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு எழுதினாள். மாதக் கணக்கு மேலே போன மறுநாள் பத்து நாற்பதுக்கு அழுகை வந்தது.

அன்றிலிருந்து பாண்டீஸ்வரி எந்த வேலையில் இருந்தாலும் பத்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். கரிமூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தால் பாதியில் விட்டுவிட்டு வருவாள், கூலி குறையும், கணவன் முத்திருளன் அதைக் கணக்குப் பார்க்க மாட்டான். அவனும் சில நாள் கூட வந்து நிலைப்படியில் உட்கார்ந்து, கேட்டுவிட்டு, பீடியைப் பற்றவைக்காமலே எழுந்து போவான். முதலில் ஒரு விக்கல் மாதிரி மூச்சு பிடிக்கும், பிறகு ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி இரண்டு சின்னச் சத்தம், பிறகு வீடு முழுக்க நிறைகிற ஒரு நீண்ட அழுகை. பாண்டீஸ்வரி கரி படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன் என்று சொல்வாள், எங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நான்கு நிமிடத்தில் அது அடங்கும். அடங்கியதும் எழுந்து காட்டுக்குப் போவாள். அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் நாளின் மற்ற நேரம் முழுவதையும் அவள் கடந்தாள்.

அந்தப் பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்தது. அவசர வலி, வீட்டிலேயே பிரசவம், ஜெபமணி ஓடி வந்து பார்த்தாள், ஒன்றே முக்கால் கிலோ, கை கால் சில்லென்று இருந்தது. முன்பெல்லாம் அப்படிப் பிறக்கிற பிள்ளைகளுக்காகப் பெரியகண்மாய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சூடேற்றும் பெட்டி ஒன்று இருந்தது, கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் வருகிற ஆம்புலன்ஸ் ஒன்று அதன் வாசலில் நின்றது. பூஜ்யம் வந்த வருசத்துக்கு அடுத்த வருசம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் சாகிற வட்டாரங்களுக்கு அவை தேவைப்பட்டன, இங்கே கணக்குப்படி யாரும் சாகவில்லை. ஆம்புலன்ஸ் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து, அங்கே ஏற்றிய வேறு ஆளை இறக்கிவிட்டு வர வேண்டியதாயிற்று. ஜெபமணி பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, வீட்டில் இருக்கிற துணியெல்லாம் மேலே போட்டு மூடி, போன் மேல் போன் செய்தாள். வண்டி வந்தபோது பிள்ளை அடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

இதெல்லாம் பாண்டீஸ்வரிக்குத் தெரியும். ஆனால் பெட்டி போனதையும் பூஜ்யத்தையும் தன் வாயால் சிஸ்டரிடம் கேட்டதையும் அவள் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்ததில்லை. பார்க்கப் போகிற நேரத்தில் பத்தரை ஆகிவிடும்.

இரண்டு வருசம் கழிந்தது. முத்திருளனின் தங்கை வள்ளிமயில் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்தாள். வளைகாப்பு முடிந்து கை நிறையக் கண்ணாடி வளையலோடு மினிபஸ்ஸில் வந்து இறங்கியவளைப் பார்த்து தாய் இருளாயிக்குச் சந்தோஷம், மருமகள் பாண்டீஸ்வரிக்கும் சந்தோஷம், ஆனால் வள்ளிமயிலுக்கு வந்த மறுநாளே கால் வீங்கியது, ஜெபமணி வந்து கையில் பட்டை சுற்றிப் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் கூடுதல் என்றாள், டவுன் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் வலி கண்ட பிறகு வாருங்கள், இப்போதே படுக்க வைக்க இடமில்லை என்றார்கள். வலி காண்பது எப்போதென்று யாருக்குத் தெரியும். வள்ளிமயில் தினமும் பத்து நாற்பதுக்கு மதினியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள், கேட்டுக்கொண்டே வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் கணக்கைச் சரிபார்க்கும் ஆணையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் மங்கையர்க்கரசி, இருபத்து நாலு வயசிருக்கும், தோளில் பை, கையில் கட்டிய வாட்சு தளர்ந்து முழங்கை வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. சேதுராசு டீ போட்டு நீட்டியபோது வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும், எங்களுக்கு அப்படித்தான் விதி என்றாள். தான் எந்தத் துறைக்கும் கட்டுப்பட்டவள் இல்லை, கணக்கு எழுதுகிறவர்களே அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கக் கூடாது என்பதற்காக வைத்த ஆணையம் அது, மாநிலம் முழுக்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் நூறு ஊர்களைக் கணினி எடுத்தது, அதில் இந்த ஊர் வந்தது, நான்கு வருசத்தில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தான் போக வேண்டும் என்று கடையிலிருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்போது வடக்குத் தெருவிலிருந்து பிற்பகல் அழுகை கேட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, யார் வீட்டுப் பிள்ளை, அந்தத் தெருவில் கைக்குழந்தை இருப்பதாக என் பட்டியலில் இல்லையே என்றாள்.

சேதுராசுதான் எல்லாவற்றையும் சொன்னார். மற்றவர்கள் அவரை முறைத்தும் சொன்னார், அவருக்கு மறைத்துப் பேச வராது. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, தாய் சொல்வதைத்தான் தான் எழுத முடியும், தான் பார்த்ததையும் கேட்டதையும் எழுதக் கூடாது, தாயை வற்புறுத்தவும் கூடாது, அதுவும் விதி என்றாள்.

“அப்ப ஒங்க ஆபீசுல வாய் மட்டுந்தான் உண்டு, காது கெடையாது,” என்றார் சேதுராசு.

“காது இருக்குண்ணே. ஆனா நான் கேட்டதை நானே எழுதுனா, அவங்க எழுதுனதுக்கும் நான் எழுதுறதுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு வேற ஒருத்தி வந்து கேக்கலைன்னு எழுதுவா.”

 சேதுராசு அவள் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தார்.

இரண்டு நாள் அவள் வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, அச்சடித்த கடைசிக் கேள்வியைக் கேட்டாள்: பிறந்தபோது அழுது, பிறகு பிழைக்காமல் போன பிள்ளை ஏதாவது உண்டா? காளியம்மாள் இல்லை என்றாள். பஞ்சவர்ணம் இல்லை என்றாள். வடக்குத் தெருவில் ஒருத்தி கேள்வி முடிவதற்குள் இல்லை என்றாள். ராசாத்தி வீடு பூட்டியிருந்தது. பாண்டீஸ்வரியின் வீட்டுக்கு அவள் வந்தது இரண்டாம் நாள் காலை பத்தரைக்கு, கடைசிக் கேள்விக்கு வரும்போது மணி பத்து நாற்பது. விக்கல் மாதிரி மூச்சு பிடித்தது, ஆட்டுக்குட்டிச் சத்தம் இரண்டு தடவை வந்தது, பிறகு வீடு நிறைந்தது. மங்கையர்க்கரசி கேள்வியைப் படித்தது அதில் அமுங்கிப் போயிற்று, ஆகையால் குரலை உயர்த்தி மறுபடி படித்தாள். பாண்டீஸ்வரி அந்த அழுகைக்கும் மேலாகக் குரலை உயர்த்தி, “எம்மக அழல,” என்றாள்.

அந்தப் பெண் எழுதினாள்.  அழுகை அடங்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள், அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெபமணி தெருமுனையில் நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் வேலை தப்பியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், ஆனால் வேலை தப்பியவள் முகம் அப்படி இருக்காது.

மறுநாள் காலை வள்ளிமயிலுக்குத் தலை சுற்றியது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் அழத் தொடங்கினாள், இங்கே வந்திருக்கக் கூடாது, புகுந்த வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும், என் பிள்ளைக்கு என்னவோ ஆகப்போகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாண்டீஸ்வரி மோர் கரைத்துக்கொண்டிருந்தாள். இருளாயி மகளின் தலையை மடியில் சாய்த்து, முடியை ஒதுக்கிவிட்டு, உலகத்தில் இதைவிட இயல்பான ஆறுதல் வேறு இல்லை என்பது மாதிரிச் சொன்னாள்:

“பயப்படாதத்தா. எது ஆனாலும் சத்தம் வந்துரும். ஒம் மதினிக்கு வரல? சிஸ்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லிப்புட்டா போதும்.”

வள்ளிமயில் அழுகையை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு மதினியைப் பார்த்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை மாதிரி ஏதோ ஒன்று வந்திருந்தது, பாண்டீஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மோர்ச்செம்பு கையிலிருந்து நழுவியது, அதை எடுக்கக் குனியவும் தோன்றவில்லை. இந்த வீட்டில் இன்னொரு அழுகை, பத்து நாற்பதுக்குப் பக்கத்தில் இன்னொரு நேரம், நாத்தனாரும் தானும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் நான்கு நிமிடத்துக்குக் காத்திருப்பது, மறுபடி மேலே போகிற பூஜ்யம், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து மறுபடி வராமல் போகிற வண்டி, எல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. கை கழுவாமல், செருப்பு போடாமல் வெளியே இறங்கி நடந்தாள், பிறகு ஓடினாள்.

பத்தேகால் மினிபஸ் உறுமிக்கொண்டு நின்றது, மங்கையர்க்கரசி படியில் ஒரு காலை வைத்திருந்தாள். பாண்டீஸ்வரி அவள் பைவாரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது, கேட்க வேண்டியதை ஒரே மூச்சில் கேட்டாள்.

“நான் மாத்திச் சொன்னா எழுதிக்கிருவியா?”

“ஃபாரத்தை இன்னும் கவர்ல போட்டு ஒட்டலைக்கா. எழுதலாம். ஆனா ஒங்க வீட்லதான் எழுதணும், இங்க ரோட்ல கூடாது.”

“எழுதுனா வண்டி வருமா? அந்தப் பெட்டி வருமா? எங்க மயிலுக்கு நாள் நெருங்கிருச்சு.”

டிரைவர் ஹாரன் அடித்தான். அந்தப் பெண் வாட்சை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டால் இந்த அக்கா உடனே சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் தலையை ஆட்டவில்லை.

“வரும்னு நான் சொல்ல முடியாதுக்கா. சொன்னா அது பொய். எண்ணு சரியா இருந்தா வண்டி எங்கன்னு கேக்க முடியும், நாங்களே கேப்போம். பூஜ்யமா இருந்தா யாரும் கேக்கக்கூட முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

பாண்டீஸ்வரி அந்தப் பதிலை யோசித்தாள். வண்டி கட்டாயம் வரும் என்று அவள் சொல்லியிருந்தால், வட்டார அலுவலகத்துக்காரர்கள் பேசுவது மாதிரி இருந்திருக்கும், திரும்பிப் போயிருப்பாள். பைவாரை விடாமலே வீட்டுப் பக்கம் நடந்தாள், அந்தப் பெண்ணும் பின்னாலேயே நடந்தாள், மினிபஸ் இருவரையும் விட்டுவிட்டுப் போயிற்று. டீக்கடையிலிருந்து சேதுராசு பார்த்தார். பார்த்தவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் வீட்டை எட்டுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, காளியம்மாள் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, “ஏத்தா, பாத்து முடிவெடுத்துக்க, திரும்ப வாங்க முடியாது,” என்றாள். பாண்டீஸ்வரி அவளைத் தாண்டிப் போனாள்.

வீட்டுக்குள் பாயை விரித்து உட்கார்ந்தபோது பத்து முப்பத்தாறு. மங்கையர்க்கரசி நேற்றைய பதிலின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதி, பாண்டீஸ்வரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பிறகு சும்மா இருந்தாள். ஏன் சும்மா இருக்கிறாள் என்று பாண்டீஸ்வரிக்கு உடனே விளங்கவில்லை, விளங்கியபோது அவளுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. விதிப் புத்தகத்தில் கேள்வியை எத்தனை மணிக்குக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு இடத்தில் அவள் தன் இஷ்டம்போல் நடந்துகொள்ளலாம், அவள் நடந்துகொண்டாள்.

மூச்சு பிடித்தது. இரண்டு சின்னச் சத்தம் வந்தது. பிறகு வீடு நிறைந்தது. பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள், இந்தா வந்துட்டேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, கேட்டாள், அந்தக் குரலில் எந்த இடத்தில் கீறல் விழுகிறது, எந்த இடத்தில் மூச்சு தீர்ந்து மறுபடி எடுக்கிறது என்று ஒன்று விடாமல் கேட்டாள். மூன்று நிமிடம் இருக்கும். கண்ணைத் திறந்து, “கேளுத்தா,” என்றாள்.

பிறந்தபோது அழுது, பிறகு பிழைக்காமல் போன பிள்ளை ஏதாவது உண்டா?

“உண்டு. ஒரு பொம்பளப்புள்ள. பொறந்ததும் அழுதா. நல்லா சத்தமா அழுதா.”

எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று அடுத்த கேள்வி. மணி எழுத ஒரு கட்டம், நிமிடம் எழுத ஒரு கட்டம். இந்த இரண்டு வருசத்தில் அதைப் பாண்டீஸ்வரியிடம் யாரும் கேட்டதில்லை. மூணு மணி நேரம் பத்து நிமிசம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டங்களுக்குள் அடங்காததையும் சொன்னாள், இடது காது மடங்கி இருந்ததையும், ஒரு தடவை பால் குடிக்க வாயை வைத்துவிட்டு முடியாமல் விட்டதையும், பதினோரு மணிக்குப் பிறகு அழத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் திறந்து திறந்து பார்த்ததையும், வெளியே வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று முத்திருளன் ரோட்டுக்கும் வீட்டுக்கும் எத்தனை தடவை ஓடினான் என்பதையும். மங்கையர்க்கரசி கட்டங்களில் மூன்றையும் பத்தையும் எழுதினாள். மற்றதை எழுத இடமில்லை, பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் அந்தப் பத்தை எழுதி முடித்த இடத்தில், நீண்ட அழுகையின் நடுவில், மூச்சு எடுக்கப்போகிற இடத்தில், அது நின்றது.

அடங்கவில்லை, நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு ஓடிய பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். முத்திருளன் காட்டிலிருந்து, புகைந்துகொண்டிருந்த மூட்டத்தை ஆள் காவல் இல்லாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தான், வந்து பெண்டாட்டியைப் பார்த்தான், துண்டால் வாயை மூடிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தான்.

பச்சைப் பிள்ளைக்குத் துட்டி கேட்டுத் துக்கம் விசாரிக்கிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. புதைத்துவிட்டு வந்து தலை முழுகினால் முடிந்தது, யாரும் வந்து கட்டிப்பிடித்து அழ மாட்டார்கள், மற்ற சாவுக்கு மாதிரி அடுப்பு மூட்டாமல் இருப்பதும் கிடையாது, அன்று மாலையே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட வேண்டும். ஆனால் அன்றைக்குப் பெண்கள் வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவிடவில்லை. காளியம்மாள் முதலில் வந்து பாண்டீஸ்வரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், பஞ்சவர்ணம் வந்தாள், வடக்குத் தெரு இருவரும் வந்தார்கள், வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார்கள், ஒருத்தி மெதுவாக ஒப்பாரி எடுத்தாள். பெயர் வைக்காத பிள்ளைக்கு எப்படிப் பாடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆகையால் பிள்ளையின் மூன்று மணி நேரத்தைப் பாடினாள், மடங்கிய காதைப் பாடினாள், வராத வண்டியைப் பாடினாள். வாயும் வயிறுமாக இருக்கிறவள் துட்டி வீட்டில் இருக்கக் கூடாது, எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போ என்று வள்ளிமயிலிடம் சொன்னார்கள். அவள் போகவில்லை. மதினியின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெபமணி பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை மங்கையர்க்கரசியின் முன்னால் விரித்து, ஏழு பெயர்களையும் விரலால் காட்டினாள். இதெல்லாம் என் கையெழுத்து என்று மட்டும் சொன்னாள். அது தாய் சொல்ல வேண்டியது, நான் உங்களிடம் வாங்கி எழுத முடியாது, ஆனால் நீங்கள் காட்டினீர்கள் என்று எழுதுகிறேன் என்று அந்தப் பெண் சொன்னாள். ஜெபமணி தலையாட்டினாள், பிறகு போய் வட்டத்தில் கடைசியாக உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் காளியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். இடம் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கும் ஒருதரம் வந்துவிட்டுப் போக முடியுமா, ஆனால் நாளைக்கு வா, விடியற்காலை ஐந்தேகாலுக்கு முன்னால் வேண்டாம், அது முடிந்த பிறகு வா என்று மங்கையர்க்கரசியிடம் சொன்னாள். பஞ்சவர்ணம் அழுதுகொண்டே வேறு பக்கம் பார்த்தாள். வடக்குத் தெருக்காரிகளில் ஒருத்தி எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் ஆயிற்று. ஒப்பாரி ஓய்ந்தது, பெண்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பாண்டீஸ்வரி எழுந்தாள். பிள்ளைத்தாய்ச்சி காலையிலிருந்து சாப்பிடவில்லை, கணவன் சாப்பிடவில்லை, தினமும் இந்த நேரத்துக்கு அவள் உலை வைத்திருப்பாள். கால் தானாக அடுப்படிக்குப் போயிற்று. கருவேலங்குச்சியை ஒடித்து அடுப்பில் வைத்து, மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

இருளாயி பின்னாலேயே வந்தாள். காலையில் தன் மகளுக்குத் தான் சொன்ன ஆறுதலை அவள் அதற்குள் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாளோ, முகம் சுருங்கிப் போயிருந்தது. மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தீப்பெட்டியை வாங்கித் தன் மடியில் முடிந்துகொண்டாள்.

“இன்னைக்கு வேணாம்த்தா,” என்றாள். “பக்கத்து வீட்ல சோறு கொண்டாருவாக.”